கம்பெனிக்குப் பூச நட்சத்திரம்

ரப்பர் விலை ஏறிய வருடம் மலாயாவில் ரெங்கம் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் ஆளாளுக்கு மோட்டார் வாங்குகிறார்களாம், அதன் சக்கரமெல்லாம் நாங்கள் மரம் சீவி எடுக்கும் பாலில் செய்ததாம். எனக்கு இருபது வயது, வயிற்றில் நாலு மாதம். கூலி கூடும் என்று யாரும் சொல்வதற்கு முன்பே நான் மாடு பார்த்துவிட்டேன். பால்காரரிடம் ஒரு சிவப்புச் சினைப்பசு. பிறக்கிற பிள்ளைக்கு வீட்டுப் பால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகைகூடப் போட்டாகிவிட்டது.

“மாடு வர்ற வரைக்கும் என்னைய அதுல கட்டிடாத” என்றார் என் வீட்டுக்காரர்.

தோட்டம் லண்டனில் இருக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அது செழித்தால் நாமும் செழிப்போம் என்று பெண்களெல்லாம் சேர்ந்து மாரியம்மனுக்கு அர்ச்சனை வைத்தோம். பூசை செய்கிற பண்டாரம் பெயர் கேட்டார். கம்பெனி பெயரைச் சொன்னோம். நட்சத்திரம் கேட்டார்.

எங்களை வேலை வாங்கும் கங்காணிதான் கைகொடுத்தார். “மொத மரத்தத் தைப்பூசத்தன்னிக்கு நட்டோம். தொர லீவு குடுக்கல, அதான் ஞாபகம் இருக்கு. பூசம்னு போடுங்க.”

பூச நட்சத்திரம், சிவ கோத்திரம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நான் குதிக்காத குறைதான்.

அம்மன் குறை வைக்கவில்லை. கம்பெனிக்கு லாபம் கொட்டியது. துரைக்குப் புது மோட்டார் வந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குப் போனஸ் வந்தது. அடுத்து நாங்கள்தான் என்று சிரித்துக்கொண்டே ஒரு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றோம். லண்டனிலிருந்து வந்த கடிதத்தைக் கிராணி வாசித்தார். கூலி பழையபடியே. ஆனால் விலை நன்றாக இருப்பதால் ஆளுக்கு ஐம்பது மரம் கூடுதலாகச் சீவ வேண்டும்.

அன்றைக்கே கோயிலுக்குப் போனேன். “அன்னிக்கு எங்க பேரையும் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“நீங்க யாருமே சொல்லலையேம்மா” என்றார் பண்டாரம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறும் எரிந்தது. கம்பெனியின் கோத்திரம் வரைக்கும் யோசித்த நாங்கள், எங்களில் ஒருத்தி பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மறுவாரமே அந்தப் பசுவைக் கிராணி வாங்கிவிட்டார். மகள் பிறந்த பிறகு தினமும் செம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்று, காசு கொடுத்துப் பால் வாங்கினேன்.