எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர்

அக்கா காலமான முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். யுத்தத்தால் கடதாசிகூடக் கிடைக்காத இந்தக் காலத்தில் வேறு ஆட்கள் ஒற்றைத் தாளோடு நிறுத்துவார்கள். நான் புத்தகமாகவே அடித்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அக்கா அளவெட்டியில் பிறந்தவர். ஐயாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, புகையிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்து என்னை வளர்த்தார். கலியாணம் பேசி வந்தவர்களிடம், "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றே சொல்லிவந்தார். நானும் வந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மருதனார்மடத்தில் இரண்டு கடையும் லொறியும் சொந்தமாக வைத்திருக்கிறேன். அதற்குள் கலியாணப் பேச்சு நின்றுபோயிருந்தது.

ஊரெல்லாம் அவரைச் 'செல்லம்' என்றது; முழுப்பெயர் செல்லம்மா என்றே நான் நினைத்திருந்தேன். ஆகவே அவர் கண்மூடியதும், பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்றைப் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, 'செல்லம்மா காலமானார்' என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தேன். எங்கள் பகுதியில் யாருக்கும் இவ்வளவு பெரிதாக அறிவித்ததில்லை.

கிரியை தொடங்கியதும் குருக்கள், "முதலாளி, பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

"செல்லம்மா."

பந்தலில் இருந்த மாமி, அம்மாவின் தமையன் மனைவி, எழுந்துவிட்டார்.

"ஆரடா உந்தச் செல்லம்மா? கார் சொல்லிக்கொண்டு போகேக்கை, ஆரோ பிறத்தியின்ரை செத்தவீடு எண்டெல்லோ நான் பேசாமல் இருந்தனான்! பிறகு ஆள் வந்து சொல்லித்தான் ஓடி வந்தனான்."

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அவளின்ரை பேர் விசாலாட்சி. உன்ரை அப்பம்மாவின்ரை பேர். கொம்மா மாமியாரின்ரை பேரை வாயாலை சொல்லமாட்டா. அதுதான் செல்லம் எண்டு கூப்பிட்டவ."

"அக்காவைப் பேர் சொல்லியே மாமி கூப்பிடுறது?" என்று சமாளித்தேன்.

"கூப்பிடச் சொன்னனானே? அறிஞ்சு வைச்சிருக்க வேண்டாமே?"

அக்காவின் அடையாள அட்டை, ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது போய்விட்டது என்று சாட்டுச் சொல்லலாம். அது இருந்தபோதும் நான் வாங்கிப் பார்த்தவன் அல்லன். கடைப் பலகையில் என் பெயரை ஒரு முழ எழுத்தில் எழுதுவித்தவன் நான்.

குருக்கள்தான் என்னைக் காப்பாற்றினார். "விசாலாட்சி எண்டால் அகன்ற கண்ணுடையவள். காசியிலை இருக்கிற அம்பாளின்ரை பேர். சொல்லுங்கோ முதலாளி" என்றார். மூத்தவரைப் பெயர் சொல்லிப் பழகாத நாக்குக் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். சந்தையையே அதட்டுகிற என் குரல் பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கவில்லை. மறுமுறை சொல்லச் சொன்னார்கள்.

அடுத்த நாள் அதே காரை அதே வழியால் அனுப்பிச் சரியான பெயரை அறிவித்தேன். இரண்டு செத்தவீடோ என்று சிலர் விசாரித்தார்களாம். ஒன்றுதான்.

கிரியைகள் செய்த குருக்களுக்கும், பந்தல் போட்டுப் பாடை கட்டிய அயலவர்களுக்கும், கடைசிக் காலத்தில் அக்காவுக்குக் கஞ்சி பருக்கிய பக்கத்து வீட்டாருக்கும், எல்லார் முன்னாலும் என்னை ஏசிய மாமிக்கும் என் நன்றி.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். இந்த மலரின் முன்னட்டையில் இருக்கும் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் அக்காவை அந்தப் பெயரால் யாரும் அழைக்கவில்லை.

தம்பி