அண்ணனின் அமெரிக்கா

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பாரீசில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எங்களுக்கும் ஒருவர் இருந்தார், அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவரையும் சொல்தா மாமா என்றுதான் கூப்பிட்டோம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில், சாக்லேட், ஈஃபில் கோபுரம் தொங்கும் சாவிக்கொத்து என்று பெட்டி நிறைய கொண்டுவருவார். நான் எல்லாவற்றுக்கும் கை நீட்டுவேன். அண்ணன் ஒரு சாக்லேட்டோடு எழுந்து போய்விடுவான். அவனுக்கு வேண்டியிருந்தது அமெரிக்கா.

முதலியார்பேட்டை வீட்டின் முன்னறைச் சுவரில் பழைய காலண்டர்களிலிருந்து வெட்டிய படங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தான். நயாகரா அருவி, சான் பிரான்சிஸ்கோவின் சிவப்புத் தொங்குபாலம், நியூயார்க்கின் வானளாவிய கட்டிடங்கள், தீப்பந்தம் ஏந்திய சுதந்திர தேவி. மில்லில் ஷிப்டு முடிந்து வரும் அப்பா அவற்றை ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஒரு தடவை சொல்தா மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேய், அந்தச் செலைய அவங்களுக்குக் குடுத்ததே பிரான்சுக்காரங்க நாங்கதான்டா."

"குடுத்தது நீங்களா இருக்கலாம் மாமா. நின்னுகினு இருக்கறது அங்கதான?" என்றான் அண்ணன்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கேபிள் டிவியால்தான். எதிர்வீட்டில் முதன்முதலாகக் கேபிள் இழுத்தபோது அமெரிக்க மல்யுத்தம் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்காருவோம். மேடை முழுக்க வெளிச்சம், சுற்றிலும் கத்துகிற கூட்டம். நடுவில் மலைபோன்ற மனிதர்கள் ஒருவரையொருவர் கயிற்றின் மேல் வீசிக்கொண்டிருப்பார்கள். அண்ணனின் ஆள் பச்சை அங்கி போட்டு வருவான். பேரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது, பச்சை அங்கிக்காரன் என்போம். கடைசியில் எதிராளியை அப்படியே தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வருவான். அவன் தூக்கினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நான்தான் எதிராளி. அண்ணன் என்னைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி வருவான். அம்மா துடைப்பத்தோடு ஓடிவருவாள். "எறக்குடா அவள! பொம்பள புள்ளய இப்பிடியா தூக்குவாங்க?" நான் மேலேயிருந்து கத்துவேன், சிரிப்பேன். ஒருநாளும் கீழே போட்டதில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு விவரம் வந்துவிட்டதாக நினைப்பு. "அதெல்லாம் பொய்ண்ணா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிக்கிறாங்களாம்" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றான். "அடி பொய்யா இருக்கலாம். அத்தாம்பெரிய ஆள தலைக்கு மேல தூக்கறான் பாரு, அது எப்பிடிப் பொய்யாவும்?"

அதற்குள் அவன் ஐடிஐ முடித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தான். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒருகட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றாகிவிட்டது. அமெரிக்கா ஆசை மட்டும் போகவில்லை. பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தான். ரிட்டையர் ஆனதும் டூரிஸ்ட் விசா வாங்கி, அந்தப் பாலத்தின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்க வேண்டுமாம்.

அப்புறம் டம்ளர் கை தவறத் தொடங்கியது.

முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமானது, பாட்டில் மூடி திறக்க வரவில்லை. கம்பெனியில் ஸ்பேனர் காலில் விழுந்த பிறகுதான் என்னிடம் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துபோகிற நோய் என்றார்கள்.

"கை மட்டும்தானா சார்?" என்று கேட்டான் அண்ணன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மேசையைப் பார்த்துக்கொண்டு, "கால், பேச்சு, எல்லாத்துக்கும் வரும். நிறுத்துறதுக்கு மருந்து இல்லீங்க. மெதுவாக்கலாம், அவ்ளோதான்" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். "டீ குடிக்கலாமா?" என்றான். நான் ஊதிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் தனியாகத்தான் இருந்தான்; கருவடிக்குப்பத்தில் என் புகுந்த வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். என் கணவர் கீழறையில் கட்டில் போட்டு, பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார். கம்பியைப் பிடிக்கக் கைக்கு வலு வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

மத்தியானங்களில் போனில் பழைய மல்யுத்தம் போட்டுக் காட்டுவேன். அவனால் போனைப் பிடிக்க முடியாது. நான்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதிதாக வரும் ஆட்டங்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. "இதுல ஆளே இல்ல பாப்பா, லைட்டுதான் இருக்குது" என்பான். எதிர்வீட்டுக் கூடத்தில் பார்த்த அதே ஆட்டங்கள்தான் வேண்டும். கலர் மங்கி, கோடு கோடாக ஓடும். அவற்றை ஏற்கனவே பார்த்திருந்தும், பச்சை அங்கி மேடையேறும்போது அவன் கழுத்து முன்னால் வரும். கழுத்து இன்னும் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஒருநாள் காலை, என் கணவர் வேலைக்குப் போன பிறகு, குளிப்பாட்டி முடித்துத் துண்டை எடுக்கத் திரும்பினேன். பின்னால் சத்தம். ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் மல்லாந்து கிடந்தான்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். சோப்புத் தண்ணீரில் வழுக்கியது. தோள் ஒரு சாண் மேலே வந்து மறுபடி இறங்கிவிட்டது. இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன், முதுகுக்குக் கீழே காலைக் கொடுத்துப் பார்த்தேன். என் மூச்சுதான் வாங்கியது.

"தெருவுல யாரயாவது கூப்பிடறேண்ணா."

"வேணாம்." அப்போதே பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "துணி இல்லாம கெடக்கறேன். மாப்ள வரட்டும்."

கணவருக்குப் போன் செய்தேன். வில்லியனூரில் இருந்தார், வருவதற்கு நேரமாகும். துண்டை அவன்மேல் போர்த்தி, தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தேன். அவன் நடுங்கினான்.

"பாப்பா" என்றான். "ரெஃப்ரி எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மல்லாந்து வுழுந்தா ரெஃப்ரி எண்ணுவான் இல்ல. தரையத் தட்டு."

"சும்மா இருண்ணா."

"தட்டு பாப்பா."

தட்டினேன். உள்ளங்கையில் தண்ணீர் தெறித்தது. "ஒன்னு" என்றேன். மறுபடி தட்டினேன். "ரெண்டு."

அவன் தோளைத் தூக்கப் பார்த்தான். மூன்று எண்ணுவதற்குள் தோள் ஓர் அங்குலம் எழும்பினால் போதும், ஆட்டம் தொடரும். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. தோள் அசையவில்லை. என் கை மேலே நின்றது. மூன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் என்னையே பார்த்தான், சிரித்தான். பிறகு அவன் கண்ணின் ஓரத்திலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். கணவர் வரும்வரை அப்படியே இருந்தோம். அவர் வந்து, நான் இரண்டு கால்களைப் பிடிக்க, ஒரு வழியாகக் கட்டிலில் சேர்த்தோம். அன்று நானும் அண்ணனும் சாப்பிடவில்லை.

போன மாதம் சொல்தா மாமா வந்திருந்தார். அவருக்கும் இப்போது கைத்தடி. அவருடைய மகள் நியூயார்க் போனபோது அண்ணனுக்கென்று ஒரு டீ-ஷர்ட் வாங்கி அனுப்பியிருந்தாள். கறுப்பு நிறம், நெஞ்சில் நகரத்தின் கட்டிடங்கள் வரிசையாக. மாமா அதை விரித்துக் காட்டியதும் அண்ணனின் கண் அதிலேயே நின்றது. போட்டுவிடு என்கிறான் என்று புரிந்தது.

ஆனால் கை மேலே போக வேண்டுமே. இடது கையை நுழைத்தால் வலது தோள் வலிக்கிறது. தலையை நுழைத்தால் மூச்சு முட்டுகிறது. மாமா பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் என்னவோ முனகினார். கடைசியில் நான் கத்தரியை எடுத்து, புதுத் துணியை முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து விளிம்புவரை வெட்டினேன். முன்பக்கமாக மாட்டி, பின்னால் இரண்டு நாடா தைத்துக் கட்டிவிட்டேன். சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளி, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். படத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

"நல்லாருக்குதுடா" என்றார் மாமா.

அவர் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்து என்னவோ சொன்னான். இப்போது அவன் சொல்வதில் பாதி எனக்குப் பிடிபடும், மீதியை ஊகிப்பேன். காதை வாயருகில் கொண்டுபோனேன். "தண்ணி வேணுமா?" இல்லை. "கட்டிலுக்குப் போணுமா?" இல்லை. "மாமாவப் பத்தியா? அமெரிக்காவா?" இல்லை என்பதற்குக் கண்ணை மூடித் திறப்பான், இதற்கும் அப்படித்தான். மறுபடி சொன்னான். நீளமான வாக்கியம், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி முழுக்கச் சொல்லி முடித்தான். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுண்ணா" என்றேன்.

சொல்லவில்லை. போதும் என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தான். நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் கேட்டேன், அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். அவன் சொல்ல முயலவே இல்லை.