வாடாமல்லிக்கு ஏத்த போன்

போன் கடைக்கு எல்லாரும் ரூபாயோட போவாங்க. நான் சேலையும் கையுமாப் போனேன். இதச் சொன்னா எங்க வீட்டுக்காரரு இப்பவும் சிரிக்காரு. சிரிக்கட்டும். சங்கரன்கோவில்ல போனுக்கே பரீட்சை வச்சுப் பாஸ் போட்டு வாங்குன பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். வேற யாரும் இதப் பெருமையாச் சொல்லப் போறதில்ல, அதனால நானே சொல்லிக்கிடுதேன்.

அவரு விசைத்தறி ஓட்டுதாரு. தறியில வார காட்டன் சேலையப் படம் புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டு விக்கது என் பாடு. மொதல்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்புனேன். அவங்க அவங்க சொந்தத்துக்கு அனுப்புனாங்க. இப்ப முகமே பாக்காத ஆளுங்க எல்லாம் நான் காப்பி குடிக்கும் முன்னயே 'அக்கா, புதுசு என்ன இருக்கு'ன்னு கேட்டு வச்சிருக்காங்க. இந்த யாவாரத்த நான் ஒத்தையில உண்டாக்குனேன். யாரும் சொல்லித் தரல.

அப்ப என்கிட்ட இருந்தது, நான் மொத மொதல்ல போன் வாங்குன நாள்ல இருந்து விடாம வாங்குன அதே கம்பெனி போன். நல்லா உழைச்சுச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ஒரு குணம். எதையும் உள்ளபடி காட்டாது. என் மூஞ்சியவே பவுடர அப்புன மாதிரி சிவப்பாக்கிக் காட்டும். மூஞ்சியவே விடலன்னா சேலைய விடுமா? சாதாரண மஞ்சளு அதுல பாத்தா தகதகன்னு மின்னும். பாக்கவங்களுக்கும் பிடிச்சுது, யாவாரமும் நடந்துச்சு.

வினை வாடாமல்லியில வந்துச்சு. கடையநல்லூர்க்காரப் பொண்ணு ஒருத்தி, கட்டிக் கொடுத்து துபாய்ல இருக்கா. பெருநாளைக்கு அவ உம்மாவுக்குச் சேலை எடுக்கணும்னு என் படங்களப் பாத்து, 'அந்த ரோஸ் கலரு அனுப்புங்கக்கா'ன்னு சொன்னா. நான் அனுப்புனேன். உம்மா பிரிச்சுப் பாத்தா அது வாடாமல்லி. ரோஸும் இல்ல, ஊதாவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல நிக்க கலரு அது. என் போனு அத அடிச்சு ரோஸாக்கி வச்சிருக்கு. சேலை திரும்பி வந்துருச்சு. அதுகூடப் பரவாயில்ல. அந்தப் பொண்ணு போன்ல சொன்னா: "அக்கா, உங்க துணி நெசம். உங்க படம் பொய்."

எனக்கு சுருக்குன்னு ஆயிப்போச்சு. துணி மட்டம்னு சொல்லியிருந்தா நாலு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்ன சொல்ல? படம்தான என் கடை. கடையவே பொய்னு சொன்ன பிறகு சோறு எறங்குமா?

"போன மாத்தப் போறேன்"னேன்.

"ஏட்டி, கம்பெனி மாத்துனா கலரு மாறுமாக்கும்?"னாரு வீட்டுக்காரரு.

"மாறாத போனா பாத்து வாங்குதேன்"னு சொல்லிட்டு, திரும்பி வந்த அந்த வாடாமல்லிச் சேலையவே பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்க கடைக்குப் போனேன்.

கடையில நின்ன தம்பி மரியாதையாத்தான் கேட்டான், "எத்தனை ஜிபி பாக்கீங்கக்கா?"

"ஜிபி கிடக்கட்டும். வாடாமல்லி வருதான்னு பாக்கணும்."

"அது என்ன ஆப்புக்கா?"

சேலைய எடுத்து கண்ணாடி மேசை மேல விரிச்சேன். கடையில நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒவ்வொரு போனா எடுத்துத் தரச் சொல்லிப் படம் புடிச்சேன். கடையிலயே விலை கூடுன போனு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள தனியா வச்சிருந்தது, அது வாடாமல்லிய நீலமாக்கிருச்சு. எங்க பழைய கம்பெனியோட புது மாடலு முன்னய விட ரோஸு. உள்ள எரியுத லைட்ட நம்பக் கூடாதுன்னு வாசலுக்குக் கொண்டு போனா, கல்லாவுல இருந்த அண்ணாச்சி பதறிட்டாரு. "போன வெளிய கொண்டு போகாதம்மா!"

"என் சேலை உள்ள கிடக்கு அண்ணாச்சி. அத விட்டுட்டு நான் எங்க ஓடப் போறேன்?"

அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. கடைசியா ஒரு போனு. விளம்பரத்துல நான் பாத்ததே இல்ல, யாரும் பெருசாச் சொல்லவும் இல்ல. சேலையையும் வாசலுக்கு எடுத்துட்டு வந்து வெயில்ல வச்சுப் புடிச்சேன். படத்தையும் சேலையையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணு. "இதையே குடு"ன்னு சொல்லிட்டேன். பழைய போன்ல இருந்த ஆர்டரு, பேச்சு எல்லாத்தையும் அந்தத் தம்பியே புதுசுக்கு மாத்திக் குடுத்தான். "ஒண்ணு விட்டுப் போனாலும் கடை வாசல்ல வந்து உக்காந்துருவேன்"னு சொல்லித்தான் குடுத்தேன்.

கை பழக நாளாச்சு. பின்னால போகணும்னு அமுக்குனா எங்கயோ கொண்டு போய் விடும். படமும் பழைய மாதிரி மினுக்கு இல்ல. 'என்னக்கா, சேலை வெளுத்துப் போச்சா'ன்னு கேட்டவங்களும் உண்டு. 'இப்பத்தான் சேலை சேலையா இருக்கு, வாங்கிப் பாரு'ன்னு பதில் போட்டேன். வாங்குனவங்க யாரும் திருப்பி அனுப்பல. எனக்குத் தலை நிமிந்துச்சு.

அந்த நேரத்துல துபாய்க்காரி மறுபடியும் கூப்பிட்டா. "அக்கா, தம்பிக்குக் கல்யாணம். மருதாணி அன்னைக்குக் கட்ட எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சேலை வேணும். வாடாமல்லி. பொண்ணு வீட்டுல எல்லாரும் நீலம் கட்டுதாங்க. நீலமா வந்துச்சுன்னா எங்க மானமே போயிரும். உங்க துணிக்காகத்தான் இன்னொரு தடவ கேக்கேன்."

மானம் அவளுக்கு மட்டுமா? இதுவும் தப்பாப் போனா, அந்த ஊர்ல ஒருத்தி கூட என் படத்தத் திறக்க மாட்டா. புதுப் போன்ல நல்லாப் படம் புடிச்சு அனுப்புனேன். அடுத்த நிமிஷம் பதில் வந்துருச்சு. 'அக்கா, இது நீலம்.'

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. என் கையில சேலை, என் போன்ல படம், ரெண்டும் ஒண்ணு. அவ நீலம்ங்கா. திரும்பத் திரும்ப அனுப்புனேன். நீலம், நீலம்னே சொன்னா. "போன மாத்துனதுல என்ன கண்ட?"ன்னு வீட்டுக்காரரு வேற. அவரு அன்னைக்கு என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

மறுநாள் பொரியலுக்கு பீட்ரூட் நறுக்கிக்கிட்டு இருந்தேன். அவ வீடியோவுல கூப்பிட்டா. அதே கையோட எடுத்தேன்.

"என்னக்கா, கையில மை கொட்டிருச்சா?"

"என்ன மை?"

"நீல மை."

என் கையப் பாத்தேன். பீட்ரூட் சாறு. ஆகா, இதுல்ல சங்கதின்னு ஆயிப்போச்சு. "ஏம்மா, உங்க வீட்டுல பீட்ரூட் இருக்கா?"

"சேலை பேசக் கூப்பிட்டா காய்கறி கேக்கீங்க?"

"இருக்கா இல்லையா, அதச் சொல்லு தாயி!"

பிரிட்ஜுக்குள்ள கிடந்துச்சு. நறுக்கச் சொன்னேன். நானும் ஒரு துண்ட தட்டுல வச்சு, சேலையில சாறு படாம பக்கத்துல வச்சுக் காட்டுனேன். "உன் கையில இருக்கதப் பாரு. போன்ல தெரியுததப் பாரு." துண்டையும் போனையும் மாத்தி மாத்திப் பாத்தா. பிறகு சொன்னா: "அக்கா, என் புதுப் போன்ல பீட்ரூட்டே நீலமா இருக்கு."

"அப்ப எதுல கோளாறு? உன் போனு பீட்ரூட்ட எவ்வளவு மாத்திக் காட்டுதோ, அதே அளவு சேலையையும் மாத்திக் காட்டுது. கையில உள்ள துண்ட வச்சு மனசுல நினைச்சுக்கோ. அதுல இருந்து கொஞ்சம் ஊதாப் பக்கம் நகந்தா வாடாமல்லி."

யோசிச்சா. "சரி, தறியில போடுங்கக்கா"ன்னா.

அன்னையில இருந்து என் படத்துல சேலை தனியா இருக்காது. பச்சைச் சேலைன்னா பக்கத்துல வெண்டைக்கா, மஞ்சள்னா ஒரு மஞ்சள் கிழங்கு. பாக்கவங்க வீட்டுலயும் அது இருக்கும்ல, எடுத்து வச்சு ஒப்பிட்டுக்கிட வேண்டியதுதான். 'காய்கறிக் கடையும் போட்டாச்சா'ன்னு கிண்டல் பண்ணுதாங்க. பண்ணிட்டுப் போகட்டும். உள்ளத உள்ளபடி காட்டுத போன மொத ஆளாத் தேடிப் புடிச்சேன். அது பத்தாதுன்னதும் இதையும் கண்டுபுடிச்சேன். படிச்ச படிப்புக்கு இது போதாதா எனக்கு?

கல்யாணச் சேலைங்க தறியில இருந்து இறங்குச்சு. கட்டிப் பஸ்ல போட்டு விட்டேன். அவ உம்மாகிட்ட, 'நான் வந்துதான் பிரிப்பேன், யாரும் தொடக் கூடாது'ன்னு சொல்லி வச்சிருந்தா. மருதாணிக்கு முந்தின நாளுதான் ஊருக்கு வந்தா. அன்னைக்கு ஒரு போனும் இல்ல. மறுநாள் காலையிலயும் இல்ல. கூப்பிட்டுக் கேக்கவும் எனக்கு மனசு வரல. வேலை ஓடல, அடுப்புல பால் பொங்கி ஊத்துனதக் கூட பாக்கல. "வந்த சாமானத் திருப்பி அனுப்ப ஒரு நாளு பத்தாதா? வரலன்னா நல்லதுன்னு நினைச்சுக்கோ, சாப்பிடு மொதல்ல"ன்னாரு வீட்டுக்காரரு. அவரு முகத்துலயும் ஈயாடல.

சாயந்திரம் வீடியோவுல கூப்பிட்டா. ஒரே இரைச்சல், பாட்டு, சிரிப்பு. நகை போட்டு, கை நெறைய மருதாணி வச்சுக்கிட்டு அவ நிக்கா, யாரோ போன அவளுக்காகப் புடிச்சிருக்காங்க. "அக்கா, பாருங்க, பாருங்க!"ன்னு போனத் திருப்பச் சொல்லிக் கூடம் முழுக்கக் காட்டுனா. ஒரு பக்கம் பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க. இன்னொரு பக்கம் இவ வீட்டுப் பொம்பளைங்க, என் சேலையில, வரிசையா.

அவ போன்தான, அதுக்கு என்ன தெரியும்? என் கண்ணுக்கு ரெண்டு வீடும் ஒரே நீலத்துல நிக்காங்க. பொண்ணு வீடு எது, மாப்பிள்ளை வீடு எதுன்னே தெரியல.

"கலரு எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்கக்கா!"ன்னு கத்துதா. அவ சிரிப்பப் பாத்தேன்.

"வாடாமல்லி தாயி"ன்னேன். "அச்சு அசல் வாடாமல்லி."