வீக்கம் வடிந்த பிறகு

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் என் தங்கை வேலை பார்த்தாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டே அவர்களோடு சண்டை போடுவாள், சிரிக்கவும் வைப்பாள். ஒரு நாள் காலை எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டியின் குறுக்கே மாடு வந்துவிட்டது. காதோரம் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். ஆட்டோவில் பேசிக்கொண்டே போனவள், ஆஸ்பத்திரி வாசலில் பாதிப் பேச்சில் மயங்கிப்போனாளாம்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறித்துக்கொண்டிருந்த அம்மா மண் கையோடு வந்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளை வீங்கிட்டே போவுதும்மா. மண்டை ஓட்டுக்குள்ள அதுக்கு எடமில்ல. வீக்கம் குறைய மருந்து ஏத்துறோம். கேக்கலன்னா, எடது பக்கத்து எலும்ப எடுத்து எடம் விடணும்."

மருந்து கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"எடுத்த எலும்பு எங்க சார்?"

"அவ வயித்துத் தோலுக்கு அடியிலயே வச்சிருக்கோம். கெடாம இருக்கும். பின்னாடி எடுத்து வச்சிடலாம்."

தலைமாட்டை உயர்த்தி, கழுத்து சாயாமல் படுக்க வைத்திருந்தார்கள். மொட்டைத் தலை ஒரு பக்கம் புடைத்திருந்தது. மருந்தால்தான் தூங்குகிறாள், எழுப்பக் கூடாது என்றார் நர்ஸ். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்த அம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தங்கையின் வயிற்றுக்கு மேலே, தொடாமல், கையை மட்டும் விரித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு நாள் டாக்டரே தேடி வந்தார். "வீக்கம் நல்லா கம்மியாயிடுச்சும்மா." அன்று அம்மா வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தாள். மறுபடி தங்கை பேசிப் பேசி எங்களை ஓய்த்துவிடப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

கண் திறந்தாள். தொண்டைக் குழாயை எடுத்த பிறகு என்னைப் பார்த்து, "யக்கா" என்றாள். நான் உடைந்து அழுதேன். தண்ணீர் டம்ளரைக் காட்டியும் "யக்கா" என்றாள். ஜன்னலைப் பார்த்தும் அதையே சொன்னாள். பேச்சுக்கான இடம் அடிபட்டதில், அந்த ஒரு வார்த்தைதான் தங்கியது என்றார் டாக்டர்.

மாதங்கள் கழித்து எலும்பைத் திரும்ப வைத்தார்கள். முடி வளர்ந்துவிட்டது. வலது காலை இழுத்து நடக்கிறாள். பசி, வலி, கோபம் எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. குரலை வைத்து நாங்கள் புரிந்துகொள்கிறோம். புரியாதபோது அவளே தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

போன வாரம் சோறு ஊட்டும்போது அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் யாருடி? சொல்லு. அம்... மா."

தங்கை அம்மாவின் உதட்டையே உற்றுப் பார்த்தாள். உதடுகளை ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். நெற்றி வேர்த்தது.

"யக்கா."

"ஆமாடி கண்ணு," என்றாள் அம்மா. அடுத்த வாயை ஊட்டினாள். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.