பத்து நிமிடம் நடந்த பிறகு எடுத்த படம்

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. இத்தனை வருடமும் என் வாயிலிருந்து அதிகம் வந்தது ஒரே கட்டளைதான். தமிழ்க்காரர்களிடம் ‘நேரா நில்லுங்க’, தெலுங்குக்காரர்களிடம் ‘தின்னகா நிலபடண்டி’. தூக்கத்தில்கூட யாரையோ நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அதனால் முதுகெலும்பு டாக்டரம்மா ஒரு நாள் என் அறைக்கு வந்து, “இனிமே அப்படிச் சொல்லாதீங்க” என்றபோது எனக்குச் சுருக்கென்றது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பெரியவர்களான பிறகு முதுகு வளைந்துபோகிறவர்களைப் பற்றி அவரும் இன்னும் இரண்டு டாக்டர்களும் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்கள். எத்தனை எலும்புகளைக் கம்பி வைத்துப் பிணைத்தால் ஒருவர் நிமிர்ந்து நடப்பார் என்பதை அறுவைக்கு முன்பே கணக்கிட வேண்டும். அதற்குத் தலையிலிருந்து தொடை வரை பக்கவாட்டில் ஒரே நீளப் படம். ஆள் வீட்டில் எப்படி நிற்பாரோ அப்படியே நிற்க வேண்டும்.

“நீங்க எடுக்கிற படம்தான் சார் எங்களுக்கு அளவு. படம் தப்பானா நாங்க பண்றதும் தப்பாயிடும்” என்றார்.

சரி மேடம் என்றேன். எனக்கே படம் எடுக்கச் சொல்லித் தருகிறாரா என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டேன்.

அந்த வாரமே சத்தியவேடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். இடது முழங்கையைச் சமையல் மேடையில் ஊன்றினால்தான் அவரால் நிற்க முடியும். அரைப்பதும் கிளறுவதும் தோசையைத் திருப்புவதும் மிச்சமிருக்கும் ஒரு கையால்.

“எனக்கு ரெண்டு கையும் வேணும் நைனா. வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

எக்ஸ்ரே பலகையின் முன்னால் அவரை நிறுத்தி, இரண்டு முஷ்டிகளையும் கழுத்துக்குக் கீழே காறையெலும்பின் மேல் வைக்கச் சொன்னேன். பிறகு, பாழாய்ப்போன வாய், “நேரா நில்லும்மா” என்றது. அவர் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நிமிர்ந்தார். படம் அருமையாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று டாக்டர்களும் அந்தப் படத்தைப் பார்த்து, இடுப்புக்கு மேல் நாலு எலும்பைப் பிணைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். சின்ன அறுவைதான், நாளும் குறித்தாயிற்று.

மறுநாள் காலை டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போனேன். கல்லா மேசையில் முழங்கையை ஊன்றி, முழங்கால் மடங்கி, முகம் தரையைப் பார்க்க யாரோ சாய்ந்து நின்றிருந்தார்கள். பக்கத்தில் மகள் நின்றதால்தான் எனக்கு அடையாளமே தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கும் அங்கிருந்து கேன்டீனுக்குமாக நடந்திருக்கிறார்கள்.

“இன்னாம்மா, நேத்து நேரா நின்னியே?”

“நீதான நிக்கச் சொன்ன? பெரிய ஆஸ்பத்திரி, டாக்டருங்க பாக்கற படம். அதுல கூன் போட்டுக்கினு நிக்க முடியுமா? மூச்சப் புடிச்சிக்கினு நின்னேன். கொஞ்சம் நடந்தா இப்பிடித்தான் நைனா சாஞ்சிப் பூடுவேன்.”

உடனே டாக்டரம்மாவிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. இரண்டாவது டீ வாங்கிக் குடித்தேன். சொல்லாதே என்று அவர் சொன்னதையே சொல்லித் தொலைத்தேன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனால் சும்மா இருந்தால் அந்த அம்மாவின் முதுகைத் தப்பான அளவில் திறப்பார்கள். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் சொல்லி முடித்ததும் வசவு விழும் என்று காத்திருந்தேன். டாக்டரம்மா, “எவ்வளவு தூரம் நடந்திருப்பாங்க?” என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பத்து நிமிஷம் நடக்க வைங்க. நடந்து முடிச்ச உடனே எடுங்க” என்றார்.

வராந்தாவில் நானும் அந்த அம்மாவோடு நடந்தேன். ஐந்தாவது நிமிடமே என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை வாயை இறுக்க மூடிக்கொண்டு படம் எடுத்தேன்.

இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் படத்தில் இடுப்புக்கு நேர் மேலே இருந்த தலை, இரண்டாவதில் எங்கோ முன்னால் போயிருந்தது. நாலு எலும்போடு நிறுத்தியிருந்தால் முதுகை மறுபடியும் திறந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்களில் ஒருவர். மார்புக்குப் பின்னாலிருந்து இடுப்பெலும்பு வரை கம்பி வைக்க வேண்டும் என்று திட்டத்தை மாற்றினார்கள். ஆய்வில் சேருகிற எல்லோரையும் நடக்க வைத்தும் ஒரு படம் எடுப்பது என்றும் அன்றைக்கே முடிவானது. “மஞ்சி பனி சேசாரு சார்” என்று டாக்டரம்மா பாராட்டினார். நான் செய்தது நல்ல வேலையா, கெட்ட வேலையா என்று எனக்கே குழப்பம். ஆனாலும் மனம் குளிர்ந்தது.

அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். பத்து நிமிடமும் யாரையும் பிடிக்காமல், கைகளை வீசிக்கொண்டு நடந்தார். படத்தில் தலை இடுப்புக்கு மேலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு கையாலயும் பரோட்டா அடிக்கிறேன் நைனா. குனியத்தான் முடியல. கீழ வுழுந்தத பொண்ணு எடுத்துக் குடுக்குறா, போவட்டும்” என்று சிரித்தார்.

டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். இந்தப் படங்களை மற்ற ஊர் டாக்டர்களுக்குக் காட்ட அந்த அம்மாவின் சம்மதம் வேண்டும். “உங்க பேர் எங்கயும் வராதும்மா, வெறும் நம்பர்தான்” என்று தைரியம் சொன்னார்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது.

“ஆறு வருசமா ‘கூனியம்மா, ரெண்டு தோச’ன்னுதாம்மா எல்லாரும் கேட்டாங்கோ. எம்பேரு ஒருத்தருக்கும் தெரியாது. நிமிந்த பெறகும் பேரு கெடயாதா?”

அது அவருடைய பாதுகாப்புக்கான விதி, யாரும் மீற முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா பேனாவை வாங்கினார். பள்ளியில் படித்த தெலுங்கு எழுத்தில், ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் சேர்த்து, கோட்டைத் தாண்டி ஓரம் வரை தன் முழுப் பெயரையும் எழுதினார். டாக்டரம்மா தாளை எடுத்து அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

“சரியா சொன்னேனா?” என்று கேட்டார்.

“இன்னொரு தபா சொல்லும்மா” என்றார் அந்த அம்மா.