இரண்டு டியூப், ஒரே ஆள்

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனிக்கு முகத்தைப் பார்த்து வருகை பதியும் மெஷின் வந்தது. அன்றோடு ஒருத்தி கார்டை இன்னொருத்தி தேய்க்கும் எங்கள் கலை படுத்துவிட்டது. அதுவரை, கவரைப்பேட்டையில் நான் பஸ்ஸைக் கோட்டைவிட்ட நாட்களிலெல்லாம் என் கார்டையும் சேர்த்துத் தேய்த்தவள், பேக்கிங் லைனில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், வாய் மட்டும் பதினாறு வயது மூத்தது.

ஆகவே, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை முகாம் கம்பெனிக்கு வந்தபோது நாங்கள் செய்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நர்ஸ் ஆளுக்கொரு சின்ன பிரஷும் டியூபும் கொடுத்து, பாத்ரூமில் போய் பிரஷை உள்ளே விட்டு நாங்களே மாதிரி எடுத்துவரச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டியூபை அக்காவிடம் நீட்டினேன்.

"எனக்கும் சேத்து நீயே போட்டுடேன்க்கா."

"குடு. இதுக்கு இன்னா, மூஞ்சி காட்ற மெஷினா வெச்சிக்கிறாங்கோ?"

டியூப்களின் மேல் இரண்டு பெயர், உள்ளே ஒரே சரக்கு. மருத்துவ உலகத்தையே ஏமாற்றிவிட்ட பெருமையில் கேண்டீனில் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம்.

சில வாரம் கழித்து இருவர் போனுக்கும் மெசேஜ் வந்தது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறது, நேரில் வரவும். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. என் பெயரில் வந்திருப்பதும் அக்காவின் வைரஸ்தான். என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. என் போனைக் காட்டியபோது அக்கா சிரிக்கவேயில்லை. "நாளிக்கு லீவு போடு, போயி சொல்லிட்டு வந்துடலாம்" என்றாள்.

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் வாக்குமூலத்தைக் கேட்டு முடித்தார். "காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்குத்தான் ப்ராக்ஸி குடுப்பாங்க. இதுக்கும் குடுப்பீங்களாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். திட்டி முடித்ததும் பொறுமையாகச் சொன்னார். இந்த வைரஸ் நிறையப் பேருக்கு வருமாம், பெரும்பாலும் தானே போய்விடுமாம். எப்போது யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் வீட்டில் சண்டை போடக் கூடாது என்றார். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"சிலருக்கு மட்டும் போகாம வருஷக்கணக்கா தங்கிடும். அதோட மரபணு நம்ம செல்லோட மரபணுவுலயே போய் ஒட்டிக்கலாம். அதுல ரெண்டு மரபணு போக்கிரி. 'போதும், பெருகாதே'ன்னு செல்லை நிறுத்துற புரதம் ஒண்ணு இருக்கு, அதை ஒரு போக்கிரி கட்டிப்போட்டுடும். பழுதான செல்லைச் சாகடிக்கிற புரதம் இன்னொண்ணு, அதை அடுத்த போக்கிரி அழிச்சிடும். அப்புறம் கெட்டுப்போன செல் பெருகிக்கிட்டே போகும்."

"சூப்பர்வைசரும் இல்ல, குவாலிட்டி பாக்கறவனும் இல்ல. அப்பால லைன்ல இன்னா ஓடுனாலும் கேக்க நாதியில்ல" என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் அவளைப் படுக்கவைத்தார். ஊறுகாயில் ஊற்றும் அதே வினிகரைக் கருப்பை வாயில் தடவினார். ஒரு நிமிடம் கழித்து விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஓரிடம் வெள்ளையாக மாறியிருந்தது.

"செல் மாற ஆரம்பிச்சிருக்கும்மா. பாத்த வரைக்கும் கேன்சர் மாதிரி தெரியல. இன்னிக்கே சூடு வெச்சு எரிச்சுடலாம். ஆனா இன்னும் சில வருஷம் விட்டிருந்தீங்கன்னா, நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

அவளுக்குச் சூடு வைக்கும் நேரத்தில் நான் பாத்ரூமில் என் டியூபுக்கு நானே எடுத்தேன். வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா சீட் நுனியில் உட்கார்ந்து வந்தாள். "ஏன்க்கா, வலிக்குதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லடி. எனக்கு வந்த மெசேஜ நான் அப்பவே அழிச்சிட்டேன். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு எவ போய்க்கினு இருப்பான்னு உட்டுட்டேன். உம்பேர்லயும் வந்துகுதுன்னு நீ காட்டுன பாரு, அப்பத்தான் பேஜாராப் பூட்ச்சி. எங்கிட்ட கீறது உந்தலையில ஏறிடக் கூடாதுன்னுதான் வந்தேன்."

ஆட்டோவில் ஆறு பேர் இருந்தார்கள். நான் வெட்கமேயில்லாமல் அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.