இரட்டை ஊர்களின் காலண்டர்

2007-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி லோடு, எங்களுக்குக் காலண்டர் லோடு. அந்த மாதத்தில் நடந்த ஒரு விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். வெட்கத்தால் இல்லை, கோபத்தால். சரி, வெட்கமும் உண்டு.

சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடல் என்று ஒரு கடல். அதைச் சுற்றி ஒன்பது நாடுகள். இந்தக் கரையில் இருக்கும் ஓர் ஊரும் எதிர்க்கரையில் இருக்கும் ஓர் ஊரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இரட்டை ஊர்களாகிவிடுமாம். இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், அந்த ஊர் நர்ஸுகள் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், கடல் அழுக்கானால் இரண்டு ஊரும் சேர்ந்து கவலைப்படும். அப்படிப்பட்ட ஊர்களெல்லாம் சேர்ந்து வருஷாவருஷம் ஒரு காலண்டர் போடும். மாதத்துக்கு ஒரு ஜோடி ஊர். கிழமைகளின் பெயர் மட்டும் இரண்டு வரி, மேல் வரி ஒரு கரையின் மொழியில், கீழ் வரி மறு கரையின் மொழியில். எங்கள் அச்சகத்தில் ஒருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது.

படங்களையும் கிழமை வரிகளையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். தேதிக்கட்டம் மட்டும் என் வேலை. சிவகாசியில் அதற்கென்று யாரும் புதிதாக உட்கார்ந்து யோசிப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு கட்டம் தயார் செய்து வைத்துக்கொள்வோம். நகைக்கடையோ, உரக்கடையோ, எந்தக் காலண்டர் வந்தாலும் அதே கட்டம்தான். இடது ஓரத்து முதல் வரிசை ஞாயிறு, சிவப்பு. அதையே எடுத்து அந்த வெளிநாட்டுக் கிழமைகளுக்குக் கீழே ஒட்டிவிட்டேன். அந்த நாடுகளில் வாரம் திங்கட்கிழமையில் தொடங்கும், ஞாயிறு கடைசியில் வரும் என்பது எனக்குத் தெரியாது. படங்களைச் சரிபார்க்கக் கலர் ப்ரூஃப் ஏஜென்டுக்குப் போனது. தேதிக்கட்டத்துக்கு ப்ரூஃப் அனுப்பலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "தேதிக்கெல்லாமா ப்ரூஃப்? மிஷின்ல ஓட்டுப்பா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஏசி அறைக்கும் பைண்டிங் ஷெட்டுக்கும் நடுவில் இருபதடி அகலத்துக்கு ஒரு முற்றம். பைண்டிங் பெண்கள் அந்த முற்றத்தைத் தாண்டி எங்கள் அறைக்குள் வரக் கூடாது. தூசி வந்துவிடும் என்பது காரணம். அந்த ஷெட்டில் முப்பது வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆனைக்குட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். காலண்டர் தாள்களை அடுக்கி, மேலே தகரப் பட்டை அடிப்பது அவள் வேலை. அதற்கு முன்பு பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். அங்கே அவள் அக்கா தீக்காயத்தில் செத்துப்போன பிறகு, கூலி குறைந்தாலும் பரவாயில்லை, வெடிமருந்து இல்லாத வேலை போதும் என்று இங்கே வந்து சேர்ந்தாள். இது அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் கட்டு அடுக்கிய அன்று, அவள் எங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றாள். தகரப் பட்டையின் அளவு பார்ப்பதற்காக, போன வருஷம் வேறெங்கோ அச்சடித்து, ஏஜென்ட் சாம்பிளுக்குக் கொடுத்த அதே காலண்டரை அவர்கள் ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதையும் புதியதையும் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணே, பழசுல செவப்பு கடைசி வரிசைல இருக்கு. இதுல மொத வரிசைல கெடக்கு. ஒரு எட்டு பாத்துருங்க."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ தகரத்தைப் பாரு, தேதியை நான் பாத்துக்கறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் இரண்டு காலண்டரையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள், ஏஜென்ட் இரண்டு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு வேலையாகச் சென்னைக்கு வந்தவர்கள், காலண்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். ஒரு கரைக்கு ஒருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பைண்டிங் ஷெட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். அந்த அம்மா தன் ஊர் வரும் மாதத்தை ஆசையாகத் திருப்பினார். படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலை வைத்து ஒரு தேதியைத் தேடினார். சிரிப்பு போய்விட்டது. வேறொரு மாதத்தைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். எல்லாத் தேதியும் ஒரு கிழமை தள்ளிக் கிடந்தது. என் காலண்டர்படி அந்த இருபத்துநாலு ஊருக்கும் வருஷம் பூராவும் திங்கட்கிழமைதான் லீவு.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மேனேஜருக்கும் புரிந்தது. ஆனால் அவர் ஏஜென்டிடம், "லேபர் மிஸ்டேக்" என்றார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். பழைய காலண்டர் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள்.

"சாம்பிள் ஒன் தலைக்கு மேலதான தொங்குது. பாத்துச் சொல்ல வாய் இல்லையா? நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனாள். அவள் போன பிறகு, இன்னொரு பெண் என் காதில் விழும்படியே சொன்னாள்: "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காக?"

இரண்டு நாள் கழித்துக் காலையில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சீசனில் அங்கே ஆள் எடுக்க ஒரு நிமிஷம் போதும். நான் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் மத்தியானம், தேதியைத் திருத்திய ரீபிரிண்ட் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அது என்ன சத்தம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும், எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஓடுவோம், புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்போம். அன்றைக்குக் கிழக்கே எழுந்தது. அவள் வேன் போகும் திசை. பைண்டிங் பெண்கள் முற்றத்தில் நின்று போனில் ஒவ்வொரு கம்பெனியாகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான முக்கால் மணி நேரம் வேறு இல்லை.

வேறு கம்பெனி. அவள் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் இல்லை என்றால் வேறு யாரோ. அந்த வீட்டிலும் ஒரு தங்கை இருந்திருப்பாள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது, அவள் முதல் நாளே வந்து சொன்னாள், நான்தான் விரட்டினேன் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கட்டம் போடறது நீ, தப்பு வேற எங்கேருந்து வரும்? ஒன்ன அனுப்பிட்டு சீசன்ல எவன கம்ப்யூட்டர்ல உக்கார வைக்க? தகரம் அடிக்க ஆயிரம் பேரு கெடப்பாக. போய் வேலையப் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்தார் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். தெரிந்தே, யார் போனால் நஷ்டமில்லை என்று பார்த்து, ஒரு பெண்ணைத் திரும்ப மருந்துக்கு அனுப்பியிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன, நானும் அந்தக் கணக்கில்தானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆனைக்குட்டம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி முழங்கை வரை வெள்ளியாகப் படிந்திருந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், திரும்ப வா என்று என்னென்னவோ உளறினேன். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது ஒங்க காதுல விழுகலையாண்ணே? இல்ல, சொன்னது நானுங்கிறதால விழுகலையா?"

அவளே பேசினாள்.

"அவருகிட்ட ரூமுக்குள்ள சொன்னா எனக்கு எதுக்கு? அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய வெளிய போகச் சொன்னாக. அங்கன வந்து, அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லுங்க. அப்புறம் நான் வாறதப் பாப்போம்."

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு பைண்டிங் ஷெட்டுக்குப் போனேன். எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தும் அதுவரை நான் அந்த முற்றத்தைத் தாண்டி நாலு தடவைகூடப் போனதில்லை. முப்பது பெண்கள் இருந்தார்கள். மேனேஜரையும் கூப்பிட்டேன். தப்பு செய்தது நான், சொன்னவள் இவள், கேட்காதவன் நான், வாய் திறக்காமல் நின்றவனும் நான் என்று சொன்னேன். "இம்புட்டு நாடகம் எதுக்குப்பா" என்றார் மேனேஜர். அப்போது, கொழுக்கட்டை என்று சொன்ன அதே பெண் தாள் அடுக்குவதை நிறுத்தினாள்.

"அவ உள்ள வரட்டும் அண்ணாச்சி. இல்லன்னா இந்த லோடு எப்பிடிப் போகுதுன்னு நாங்களும் பாக்குறோம்."

ஒவ்வொரு கையாக நின்றது. ரீபிரிண்ட் கப்பலேற நாலு நாள்தான் இருந்தது. மேனேஜர் வெளியே போனார். அவருக்கு மனசு இளகவில்லை, சீசன் அவரை மடக்கியது. எப்படியோ, அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

சில மாதங்கள் கழித்து அந்த ஊர்களிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. தப்பைத் தாமதமில்லாமல் திருத்திக் கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மேனேஜர் அறையில் மாட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் தேதிக்கட்டத்தை ஓட்டுவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு நானே பைண்டிங் ஷெட்டுக்குப் போய் அவளிடம் காட்டுகிறேன். அவள் வாங்கிப் பார்ப்பாள், சரியாக இருந்தால் தலையாட்டுவாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. அவள் திரும்பப் பட்டாசுக் கம்பெனியில் இருந்த அந்தப் பத்து நாளில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் என் பங்கு ஒன்றுமே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கைகோத்த ஊர்களை அச்சடித்துக் கொடுத்த எனக்கு, இருபதடி முற்றத்தைத் தாண்ட அந்தப் பத்து நாளும் ஒரு வெடிச்சத்தமும் தேவைப்பட்டன என்ற கோபம் என்னைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.